முகாமுக்குள்ளிருந்தே வந்த சமூகப் பணியாளர்கள்: ‘ஒஃபர்’ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அகதிகளைப் பற்றிய வெற்றிக்கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடும். படகில் வந்தார், பட்டினி கிடந்தார், படித்தார், குடியுரிமை வாங்கினார், இப்போது நாலு பேருக்கு உதவுகிறார். பட்டினிக்கும் உதவிக்கும் நடுவில் எங்கேயோ ஒரு பாஸ்போர்ட் வந்துவிடும். கதை சுபமாக முடிவதற்கே அதுதான் காரணம்.

தமிழ்நாட்டில் 1984 முதல் நடந்துவரும் ஒரு வேலையில் அந்த பாஸ்போர்ட் வரவே இல்லை. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்பது அதன் முழுப்பெயர். முகாம்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ‘ஒஃபர்’ (OfERR) என்றால்தான் தெரியும். இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் தங்களைப் போலவே தப்பி வந்தவர்களுக்காக நடத்திய அமைப்பு. மற்றவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த தொண்டருக்கும் அதே முகாமில்தான் வீடு, அதே வரிசையில்தான் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை, அதே காவல்துறைக் கணக்கெடுப்பு. உதவி செய்பவராக மாறிய பிறகும் அவர் அகதிதான். இந்த ஒரு காரணத்துக்காகவே இது ஊன்றிப் பார்க்க வேண்டிய நிகழ்வு என்று நினைக்கிறேன்.

தொடங்கியவர்

ஒஃபரைத் தொடங்கியவர் எஸ்.சி. சந்திரஹாசன். 1949இல் தமிழரசுக் கட்சியை உருவாக்கிய எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின், ஈழத்தவர் இன்றும் ‘தந்தை செல்வா’ என்று அழைப்பவரின், மகன். தொழிலால் வழக்கறிஞர். 1983 ஜூலையில் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. வெலிக்கடைச் சிறைக்குள் ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்தவர்களில் சந்திரஹாசனும் ஒருவர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவரை எல்லாம் இழந்து கந்தலோடு வந்த ஆளாக வரைந்தால் அது பொய். அவரிடம் சட்டப் படிப்பு இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சென்னையிலும் டெல்லியிலும் கதவைத் திறக்க வைக்கும் தகப்பனின் பெயர் இருந்தது. பேசாலையிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறி, தனுஷ்கோடிக்கு முன்னால் உள்ள மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, விடிகிறவரை குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மீனவக் குடும்பத்தின் நிலை வேறு. இந்த ஆய்வில் இரண்டு தரப்பும் உண்டு: பெயர் தெரிந்த ஒருவர், பெயர் வெளியே தெரியாத பல நூறு பேர். முதலாமவர் வழி காட்டினார் என்றால், வேலையைச் சுமந்தது இரண்டாமவர்கள்.

அதற்கும் முன்னால்

அகதிகளே தங்கள் வாழ்க்கையைக் கட்டி எழுப்பலாம் என்ற எண்ணம் சென்னையில் திடீரென்று முளைக்கவில்லை. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாப் பக்கம் வந்து சேர்ந்தபோது, காந்தியம் என்ற அமைப்பு அவர்களை நிலத்தில் குடியமர்த்தியது. கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். வெளியிலிருந்து மூட்டை மூட்டையாக நிவாரணம் கொட்டுவதைவிட, வந்த குடும்பங்களைக் கொண்டே பண்ணை, பாலர் பள்ளி, தையல் வகுப்பு என்று நடத்துவதுதான் அவர்கள் முறை.

இருவருமே 1983 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார்கள். ராஜசுந்தரம் ஜூலை 27 அன்று வெலிக்கடையில் கொல்லப்பட்டார். டேவிட் பிழைத்தார், செப்டம்பரில் மட்டக்களப்புச் சிறை உடைக்கப்பட்டபோது தப்பி, பிறகு சென்னைக்கு வந்துவிட்டார். அதற்குப் பின் 30 வருடத்துக்கும் மேலாகச் சென்னையில் அகதியாகவே இருந்தார். 2015இல், 91 வயதில், ஊர் திரும்பி, அந்த அக்டோபரிலேயே கிளிநொச்சியில் காலமானார். கஷ்டத்திலிருந்து சேவைக்கு என்பதுதான் வழக்கமான வழி. டேவிட்டுக்கு அது தலைகீழாக நடந்தது. அகதிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் கடைசியில் வாடகை அறையில் அகதி.

வந்து சேர்ந்த இடம்

1983 ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடையில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 1,34,053 பேர் என்பது அரசுக் கணக்கு. 1989க்குப் பிறகு இன்னும் ஒரு லட்சத்துக்கும் மேல். அப்புறம் 1996இலும் 2006இலும் போர் சூடு பிடித்தபோதெல்லாம் ஒவ்வோர் அலை. மொத்தத்தில் 2012 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகம்.

அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று உள்நாட்டுச் சட்டமும் கிடையாது. படகிலிருந்து இறங்கியவர் சட்டத்தின் கண்ணில் 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு வெளிநாட்டவர், அவ்வளவுதான். தங்க இடமும் அரிசியும் பணமும் அரசின் நல்லெண்ணத்தில் வந்தன, உரிமையாக வரவில்லை. இந்த வித்தியாசம் காகிதத்தில் சின்னது. 1991இல் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வந்தவர்களில் பலர் முதலில் தங்கியது ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் முகாமில். அந்த இடத்துக்கே ஒரு பழைய கதை உண்டு. பிரிட்டிஷ்காரர் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்தி வைத்த தொற்றுத்தடுப்பு முகாம் அது. தாத்தா பாட்டி கப்பலேறுமுன் நின்ற அதே வளாகத்தில், இரண்டு மூன்று தலைமுறை கழித்துப் பேரன் பேத்தி கையில் துணிப்பையோடு வந்து நின்றார்கள். கடலை இரண்டு பக்கமும் தாண்டிவிட்ட இந்த மலையகக் குடும்பங்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல் இருந்தது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தது. கணக்கில் சேராமல் நடுவில் விழுந்தவர்கள் எந்த நாட்டுக் குடிமகனும் அல்லாமல் போனார்கள். அவர்களும் இதே முகாம்களில்தான்.

முகாம் வாழ்க்கை என்றால் 10க்கு 10 அறை, தகரமோ ஓலையோ கூரை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. பல வருடங்கள் ரேஷன் அரிசி கிலோ 57 பைசாவுக்குக் கிடைத்தது. மாதப் பணம் வாங்கும் நாளில் குடும்பத்தில் உள்ள எல்லோரும் முகாமில் இருக்க வேண்டும்; தலைக் கணக்கு எடுப்பார்கள், வருவாய்த் துறை ஒரு பக்கம், காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் ஒரு பக்கம். வெளியூருக்கு வேலைக்குப் போன ஆண்கள் அந்த நாளுக்காகவே பஸ் பிடித்து வருவார்கள். என்ன வேலை? பெரும்பாலும் பெயிண்டிங். முகாமுக்குப் பக்கத்து ஊர்களில் புது வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வேண்டுமென்றால் முகாமுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். பொறியியல் படித்துவிட்டு ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்தவர்களும் உண்டு.

எடுத்த முடிவு

இந்தச் சூழலில் 1984இல் ஒஃபர் தொடங்கியது. நிவாரண அமைப்புகள் அப்போது சென்னையில் வேறும் இருந்தன. ஒஃபர் வேறுபட்டது ஒரே ஒரு விஷயத்தில்: களத்தில் இறங்கும் ஆட்கள் முகாமிலிருந்தே வர வேண்டும்.

சமூகப்பணிப் பாடத்தில் இதற்கு நல்ல நல்ல பெயர்கள் இருக்கின்றன. முகாமில் அது எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிறபோது போரால் படிப்பு நின்றுபோன பெண்கள் நிறைய பேர் முகாம்களில் இருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் பாலர் பள்ளி ஆசிரியைகளாக, மாலை வகுப்பு எடுப்பவர்களாக, சுகாதாரத் தொண்டர்களாக, மகளிர் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். கைக்கு வந்த காசு சொற்பம். ஆனால் நேற்றுவரை வரிசையில் நின்ற பெண், இன்று கையில் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போகிறாள். குழந்தை எடை எவ்வளவு, தடுப்பூசி போட்டாயிற்றா, பள்ளிக்கூடம் நின்றுவிட்டதா என்று கேட்கிறாள். நோட்டுப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சு எடுபடும். அதிகாரியின் கையிலிருந்து அது முகாம் பெண்ணின் கைக்கு வந்ததுதான் ஒஃபர் செய்த பெரிய காரியம் என்பேன்.

மொழியும் ஒரு காரணம். நாம் ‘பேசுகிறோம்’, அவர்கள் ‘கதைக்கிறார்கள்’. முகாமில் பிறந்த பிள்ளைகள் வீட்டுக்குள் கதைப்பார்கள், பள்ளிக்கூட வாசலில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனைப் பற்றியோ, படகில் வரும்போது நடந்ததைப் பற்றியோ ஒரு தாய் வாய் திறக்க வேண்டுமானால், எதிரில் இருப்பவர் கதைக்கிறவராக இருக்க வேண்டும். “ஓம் அக்கா, எனக்கும் அப்படித்தான்” என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். இதை எந்தப் பட்டமும் சொல்லிக் கொடுக்காது.

பெயரில் உள்ள ‘ஏதிலி’ என்ற சொல்லும் யோசித்து வைத்ததுதான். அகதி என்றால் கதியற்றவர். ஏதிலார் என்றால் பழந்தமிழில் அயலார். கதியில்லை என்பதைவிட, இந்த ஊர்க்காரர் இல்லை என்பது கொஞ்சம் நிமிர்ந்த சொல். ஆனால் முகாமில் இருப்பவர்கள் தங்களை இன்றும் ‘அகதி’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

அமைப்பு தொடங்கிய மறு வருடமே அடி விழுந்தது. இலங்கை அரசுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் இடையே பூட்டானின் திம்புவில் நடந்த பேச்சுவார்த்தை 1985 ஆகஸ்டில் முறிந்தது. உடனே இந்திய அரசு மூன்று ஈழத் தமிழர்களை நாடு கடத்த உத்தரவிட்டது: விடுதலைப் புலிகளின் ஆலோசகர் ஆண்டன் பாலசிங்கம், வழக்கறிஞர் என். சத்தியேந்திரா, சந்திரஹாசன். தமிழ்நாட்டில் போராட்டங்கள் வெடித்தன. அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றப்பட்ட சந்திரஹாசன் கொஞ்ச நாளிலேயே இந்தியா திரும்பினார், உத்தரவும் கைவிடப்பட்டது. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு வேலை செய்பவரின் அடைக்கலமே ஒரு கையெழுத்தில் போய்விடலாம் என்று அந்த ஆகஸ்ட் காட்டியது. ஒஃபர் அதற்குப் பிறகு அரசோடு மோதாமல் வேலை செய்யும் நிதானத்துக்கு வந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஒரு பிறப்புப் பதிவு

பசி, நோய் எல்லாம் வெளியே தெரிகிற கஷ்டம். காகிதக் கஷ்டம் தெரியாது. ஒஃபர் தொண்டர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை இதுதான் என்பதால், மாதிரிக்கு ஒரு கோப்பை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். இது குறிப்பிட்ட எந்தக் குடும்பத்தின் கதையும் அல்ல, முகாமில் சாதாரணமாக நடப்பது.

முகாமில் குடும்பம் நடத்தும் ஒரு தம்பதிக்கு அரசு மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. தமிழ்நாடு அரசின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடும். 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்த குழந்தை என்றால், இந்திய மண்ணில் பிறந்தது மட்டும் குடியுரிமைக்குப் போதாது. அப்போது குழந்தை இலங்கைக் குடிமகனா? அதுவும் தானாக ஆகாது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் வேண்டும். தகப்பனின் சான்றிதழ் 1990இல் வீட்டோடு எரிந்துவிட்டது. தாய் பிறந்தது முகாமில். அவள் பிறப்பையே யாரும் தூதரகத்தில் பதியவில்லை. கல்யாணம் முகாமுக்குள்ளேயே மாலை மாற்றி நடந்தது, பதிவாளர் அலுவலகம் பக்கம் போகவில்லை.

ஆக, குழந்தையின் ஒரு காகிதத்துக்கு முதலில் தாத்தாவின் காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும். மன்னாரிலோ திருகோணமலையிலோ உள்ள பிரதேச செயலகத்தில் பதிவுப் புத்தகத்தைத் தேட வேண்டும். பிறந்த தேதி, பதிவுப் பிரிவு தெரிய வேண்டும். அங்கே புத்தகமே போரில் அழிந்திருந்தால் வேறு வழி. கிடைத்தால் அடுத்த சிக்கல் பெயர். இலங்கைப் பதிவில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் அது ஓர் எழுத்து இனிஷியலாகச் சுருங்கியிருக்கும். ஒன்றில் ‘ஜெயசீலன்’, இன்னொன்றில் ‘செயசீலன்’. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு சத்தியக் கடதாசி. நாள் தள்ளிப்போனால் கட்டணம் வேறு. முகாமிலிருந்து சென்னைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், வெளியே தங்க அனுமதியும் வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் முகாம் தொண்டர் என்ன செய்கிறார்? பத்து வீட்டுக் கோப்புகளைச் சேர்த்துக் கட்டுகிறார். எது குறைகிறது என்று பென்சிலால் எழுதி வைக்கிறார். ஊரில் இன்னும் இருக்கும் சித்தப்பாவுக்கோ மாமிக்கோ கடிதம் போடச் சொல்கிறார். இது வீரச் செயல் ஒன்றும் இல்லை, குமாஸ்தா வேலைதான். ஆனால் இந்தக் காகிதம் இல்லாத பிள்ளை இரண்டு நாட்டுக்கும் யாரோ. ஊர் திரும்ப நினைத்தாலும் பயணப் பத்திரம் கிடைக்காது. அந்தத் தொண்டரின் சொந்தப் பிள்ளையின் கோப்பும் பல சமயம் அதே கட்டில்தான் இருக்கும்.

குடியுரிமையே இல்லாத மலையகத்தார் விஷயத்தில் கோப்பு கட்டுவது போதவில்லை, சட்டம் மாற வேண்டியிருந்தது. இலங்கை 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் கொண்டுவந்தபோது, நாட்டுக்குள் தொடர்ந்து வசித்தவர்களுக்குத்தான் அது பொருந்தியது. போரால் இந்தியாவுக்கு ஓடியவர்களையும் சேர்க்கும் திருத்தம் 2009இல்தான் வந்தது. அதற்காக வாதாடியவர்களில் ஒஃபரும் உண்டு.

பச்சைப் பொடி

ஒஃபரைப் பற்றிப் பேசினால் சுருள்பாசியைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்பைருலினா என்றால் இப்போது மருந்துக்கடையில் மாத்திரையாக விற்கிறார்கள். அதை முகாம்களில் சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம் என்று ஒஃபர் கையில் எடுத்தது. அகதிகளுக்கே வளர்க்கவும் கற்றுக்கொடுத்தது.

சிறு பண்ணைகளில் இதை வளர்க்கும் முறை நம் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் வரும். ஆழமில்லாத தொட்டி, உப்பும் சோடாவும் கலந்த தண்ணீர், நல்ல வெயில். பாசி அடியில் தங்கிவிடாமல் நாளைக்குப் பல தடவை துடைப்பத்தால் கலக்கி விட வேண்டும். தண்ணீர் கரும்பச்சையாகத் திரண்டதும் துணியில் வடிகட்டி, கழுவி, பிழிந்தால் களி மாதிரி நிற்கும். அதை இடியாப்பம் பிழிகிற மாதிரிப் பிழிந்து வெயிலில் காயப் போட்டால் மொறமொறவென்று உடையும். பொடித்தால் தீர்ந்தது. எடையில் பாதிக்கு மேல் புரதம். வாசனை மட்டும் பிள்ளைகளுக்குப் பிடிக்காது, எதிலாவது கலந்துதான் கொடுக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது பாசியின் சத்துக்கணக்கு அல்ல. நிலம் சொந்தமில்லை, ஊரில் தொழில் தொடங்க உரிமம் இல்லை, நாளைக்கே இடம் மாற்றலாம். அப்படிப்பட்டவர்கள் கற்றுக்கொள்ளத் தோதான தொழில் இது. ஒரு தொட்டி, ஒரு துடைப்பம், கொஞ்சம் வெயில் போதும். ஊர் திரும்பினாலும் தொழில் கூடவே வரும்.

1991

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த நாள் காலையிலிருந்தே தமிழ்நாட்டில் ஈழத்து உச்சரிப்பு சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. வாடகை வீடு கிடைக்கவில்லை. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு இருந்த சலுகை நின்றது. 1996இல் ஆட்சி மாறிய பிறகுதான் திரும்பியது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு அது திரும்ப வராத ஐந்து வருடம். தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போவதும் கட்டுப்படுத்தப்பட்டது.

1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. போகிறவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி எழுந்து, அந்த ஆண்டே ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் வைக்க அனுமதி கிடைத்தது. 1995 மார்ச் வரை 54,188 பேர் கப்பலேறினார்கள். அங்கே போர் ஓயவில்லை. அடுத்த மாதமே மறுபடி மூண்டது. போனவர்களில் சிலர் திரும்பவும் படகேறி வந்தார்கள்.

முகாமுக்குள் வெளியாட்கள் நுழைய முடியாத அந்த வருடங்களில், உள்ளேயே குடியிருந்த தொண்டர்களை யாரும் வெளியே நிறுத்த முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து ஜீப்பில் வரும் பணியாளரை வாசலில் நிறுத்தலாம். மூன்றாவது வரிசையில் ஏழாவது வீட்டுப் பெண் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதை என்ன செய்வது?

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது இந்தத் தொண்டர்கள் நாகப்பட்டினத்துக்குப் போனார்கள். ஒரே அலையில் வீடும் பிள்ளையும் போனவர்களிடம் என்ன பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இருபது வருடமாக வாங்கிய கை அன்று கொடுத்தது. ‘ஒஃபர் சிலோன்’ என்ற பெயரில் இலங்கையிலும் அமைப்பு வேலை செய்தது.

திரும்புவதா, இருப்பதா

இனி வருவது இந்த நிகழ்வின் கசப்பான பகுதி. ஒஃபரின் வேலை முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது: ஒரு நாள் ஊர் திரும்புவோம், அதற்குத் தயாராக இருப்போம். பிறப்புப் பதிவு, தொழிற்பயிற்சி, படிப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் திசை. சந்திரஹாசன் பல மேடைகளில் இதைத்தான் சொன்னார். மரியாதையோடு திரும்புவதுதான் தீர்வு, நம் ஆட்கள் இல்லாமல் வடக்கும் கிழக்கும் காலியாகிவிடும் என்பது அவர் வாதம்.

1984இல் யாருக்கும் இதில் சந்தேகம் இல்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது முகாமில் இருந்த இளைஞர்களில் ஏராளமானோர் இலங்கையைப் பார்த்ததே கிடையாது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள், இங்கேயே கல்யாணம் முடித்தவர்கள். அவர்களுக்கு ‘திரும்பு’ என்றால் எங்கே? அவர்கள் கேட்டது இந்தியக் குடியுரிமை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றுகொண்டது, இலங்கையைத் தொடவில்லை. அந்த விவாதத்தின்போது இந்த இடைவெளி வெட்டவெளிச்சமானது. தங்களுக்காக முப்பத்தைந்து வருடம் உழைத்த அமைப்பு தங்கள் கோரிக்கைக்குக் குரல் கொடுக்கவில்லையே என்று முகாமில் ஆதங்கப்பட்டவர்கள் உண்டு.

யார் சரி? ஊர் திரும்பும் உரிமையைக் காகிதத்தில் உயிரோடு வைத்திருந்தது ஒஃபரின் சாதனை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒருவருக்கு உதவுகிறவர் அவர் எங்கே வாழ வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடக் கூடாது. கட்சிக்காரரைக் கேட்காமல் வழக்கை ராஜி பண்ணுகிற வழக்கறிஞரைப் போல் ஆகிவிடும். முதல் தலைமுறையின் ஏக்கத்தை மூன்றாம் தலைமுறையின் தேவையாக எடுத்துக்கொண்டதில் ஒரு பிசகு நடந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. முகாமிலிருந்தே தொண்டர்களை எடுத்த அமைப்பு, கொள்கை முடிவையும் அவர்களிடமே விட்டிருக்கலாம்.

திரும்புவோர் பக்கமும் வழி சுத்தமாக இல்லை. 2025 மே மாதத்தில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கிய ஒரு முதியவர், அந்தக் காலத்தில் முறையான ஆவணம் இல்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்பதற்காகக் கைது செய்யப்பட்டார். போருக்குத் தப்பி ஓடியவர் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கவில்லை என்பது குற்றமாம். கண்டனம் எழுந்தது. ஆனால் திரும்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 புது வீடுகள் கட்ட முடிவு செய்தது. மாதப் பணம் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று உயர்ந்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் போய் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ வந்தது. நூற்றுச் சொச்சம் முகாம்களில் சுமார் 58,000 பேர். வெளியே பதிவோடு வசிப்பவர்கள் 30,000க்கும் மேல்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சி முகாமிலிருந்து ஒரு பெண் வாக்களித்தார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் என்பதால் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று உயர் நீதிமன்றம் வரை போய் நிலைநாட்டியவர். அவருக்குக் கை கொடுத்ததும் ஒரு பிறப்புச் சான்றிதழ்தான்.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தோடு மத்திய அரசு ஒரு விலக்கு ஆணையும் வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மேல், பாஸ்போர்ட் விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. நாற்பது வருடமாக ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லோடு வாழ்ந்தவர்களுக்கு இது சின்ன மூச்சு. குடியுரிமை அல்ல.

2022 மார்ச்சில் இலங்கையில் பால்மாவும் பெட்ரோலும் கிடைக்காமல் போனபோது, முதல் நாளில் 16 பேர் படகில் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் இருநூறுக்கும் மேல். அவர்களையும் மண்டபத்தில்தான் தங்க வைத்தார்கள். மண்டபத்தில் கிடைத்த இடம் அவர்களுக்கு 2025 ஆணையில் கிடைக்கவில்லை, தேதி தாண்டிவிட்டது.